லியாவ் அக்காவுக்கு நான் சொல்ல வேண்டிய பதில்

தம்பி,

நீ இந்த மாதக் கடைசியில் லண்டனுக்குத் திரும்பிவர டிக்கெட் போட்டுவிட்டாய் என்று அம்மா நேற்றுச் சொன்னார். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன் கைக்கு வந்துசேர வேண்டும் என்பதால் தபாலை நம்பவில்லை. நான் எழுதி முடித்ததும் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவார். எதற்கு இந்தச் சுற்று, பேசிவிடலாமே என்று நீ நினைக்கலாம். பேசினால் என்ன நடக்கும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் ஐந்து நிமிடம் சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பேன், ஆறாவது நிமிடம் கத்துவேன், நீ "சரியப்பா, சரியப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். எழுதும்போது எனக்குக் கத்த வராது. எழுத்துக் கூட்டி எழுதவே மூச்சு வாங்குகிறது. அதனால் பொறுமையாக வாசி. இதில் உன்னைப் பற்றி நல்லதும் என்னைப் பற்றிக் கெட்டதும் இருக்கின்றன, அம்மாவுக்கே போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்த ஒன்றும் இருக்கிறது.

முதலில் கெட்டதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ இங்கே லண்டனில், சட்டன் பக்கத்து மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு, வெள்ளைக்காரரைச் சீனக் கிராமங்களில் நடக்கவைத்தும் சைக்கிள் ஓடவைத்தும் சாப்பிடவைத்தும் கூட்டிக்கொண்டு திரியப் போகிறேன் என்று சொன்ன அன்றிலிருந்து ஐந்து மாதம் நான் உன்னோடு பேசவில்லை. அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அந்த ஐந்து மாதமும் மாதா கோவிலில் நான் சொல்லிக்கொண்டிருந்த கதை. பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் உன்னைத்தான் கேட்பார்கள். "அவன் சீன மருத்துவம் மேற்படிப்புக்குப் போயிருக்கிறான்" என்று சொல்லிவிட்டேன். மருந்தாளராக இருந்தவன் என்பதால் எல்லோரும் நம்பினார்கள். நம்பியது மட்டுமா, ஒருவர் விடாமல் நோய் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். "அண்ணை, தம்பியிட்டை என்ரை முழங்காலுக்கு ஏதும் எண்ணெய் கேட்டுச் சொல்லுங்கோவன்" என்று ஒருவர். நித்திரை வருவதில்லை என்று இன்னொருவர். நானும் கேட்டுச் சொல்கிறேன் என்று தலையாட்டிக்கொண்டு நின்றேன். அறுபத்தேழு வயதில், கோவில் வாசலில் நின்று, கையில் செபமாலையோடு.

"பத்து நாள் வந்து பாருங்கோ அப்பா, பாத்திட்டுப் பிறகு பேசுங்கோ" என்று நீ அழைத்தபோது நான் வரச் சம்மதித்தது பார்க்க அல்ல. உன்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரத்தான் வந்தேன். முழங்கால் நோவால் அம்மாவுக்கு வர முடியவில்லை. அவர் என் பெட்டிக்குள் வறுத்து அரைத்த கறித்தூளை ஒரு ஜாம் போத்தல் நிறைய வைத்துவிட்டு, "பிள்ளையோடை சண்டை பிடிக்காதேங்கோ" என்றார். கறித்தூளைப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். சொன்னதைத்தான் லண்டனில், நோர்பரி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

சீனாவில், குய்லின் நகரில் நீ விமான நிலையத்துக்கு வந்து நின்றபோது உன்னை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. கறுத்து, மெலிந்து, காற்சட்டைப் பைகள் எல்லாம் நிரம்பி, பார்க்க ஒரு கங்காணியைப் போல இருந்தாய். அந்த மலைகளைப் பற்றி நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் முதல் நாள் நான் வாயே திறக்காமல் இருந்தது கோபத்தால் என்று நீ நினைத்திருப்பாய். பாதிதான் கோபம். தட்டையான வயல், அதன் நடுவில் யாரோ கொண்டுவந்து நட்டுவைத்ததுபோல மலை, பிறகும் வயல், பிறகும் மலை. இதை எப்படி உன் அம்மாவுக்குச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னும் சொல்லத் தெரியவில்லை. படங்களைக் காட்டினால் "மெய்யோ?" என்று கேட்கிறார்.

அடுத்த நாள் காலை நீ எங்கள் ஒன்பது பேரையும் தெருவோரக் கடை ஒன்றுக்குக் கூட்டிச் சென்றாய். அரிசி மா நூடில்ஸ். இடியப்பத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு, வழுவழுப்பு. அதற்கு மேலே பொரித்த கச்சான் கடலை, புளிக்கவைத்த பயிற்றங்காய், மிளகாய், மெல்லிதாக வெட்டிய இறைச்சி. முதலில் குழைத்துச் சாப்பிடு, கடைசியில் சூப்பை ஊற்று என்று நீ காட்டித் தந்தாய். காலைச் சாப்பாட்டுக்கு வியர்க்க வேண்டும் என்று நினைக்கிற ஒரு நாடு உலகத்தில் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. இரண்டாவது கிண்ணம் வேண்டுமா என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். வேண்டும் என்றுதான் இருந்தது. உன்னோடு கோபமாக இருக்கிறவன் எப்படி இரண்டாவது கிண்ணம் கேட்பது?

சைக்கிள் கதையை நீ அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய் என்று தெரியும், அவர் இன்னும் சிரிக்கிறார். என் பக்கத்து நியாயத்தையும் எழுதிவைக்கிறேன். யாழ்ப்பாணத்தானுக்குச் சைக்கிள் பழக்கித் தருகிறாயா என்று உன்னைக் கேட்டு, தலைக்கவசத்தையும் வேண்டாம் என்று தள்ளி, நீ விடாமல் கட்டிவிட்டு, அப்புறம் ஆற்றோரப் பாதையில் நான் முன்னுக்குப் போனது உண்மை. விழுந்தது சைக்கிள் ஓடத் தெரியாமல் அல்ல. இருபத்தாறு வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவன் நான். பின்னால் வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்க்காமல் என்னால் பத்து யார் தூரம் போக முடியாது. கண்ணாடி இல்லாத வண்டியில் தலையைத் திருப்பினேன், கைப்பிடியும் கூடத் திரும்பியது, வயலுக்குள் போய்விட்டேன். சேற்றில் இருந்துகொண்டு நிமிர்ந்து பார்த்தால் நீ ஏற்கெனவே இறங்கிவிட்டாய். வெள்ளைக்காரர் எட்டுப் பேரையும் ஒரு கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மறுகையால் என்னைப் பிடித்துக்கொண்டாய். அப்போதுதான் கவனித்தேன், நீ கடைசியில் வந்துகொண்டிருந்தாய். முன்னுக்குப் போகிறவன்தான் வழிகாட்டி என்று நான் நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து நான் மலையைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு உன்னைப் பார்க்கத் தொடங்கினேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன், அதையும் ஒளிக்கவில்லை. ஒரு நாளில் எத்தனை முறை ஆட்களை எண்ணுகிறாய் என்று பார்த்தேன். வாயால் எண்ணாமல் கண்ணால் எண்ணுகிறாய், பஸ்காரர் நாங்களும் அப்படித்தான். யார் தண்ணீர் குடிக்கவில்லை, யாருக்குச் சப்பாத்துக் கடிக்கிறது, எந்தத் தம்பதி காலையில் சண்டை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், எல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது. பஸ் கராஜில் புதுப் பொடியன்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பேன்: பஸ்ஸை எவனும் ஓட்டுவான், ஸ்டொப்பில் இன்னும் ஏறாத ஆளைப் பார்க்கிறவன்தான் டிரைவர். உனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஐந்து மாதம் பேசாத நானா சொல்லித்தந்தேன்?

மார்கரெட் விஷயத்தில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. எங்களோடு வந்த எட்டுப் பேரில் ஒருவர், எழுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒரு பக்க இடுப்பு மூட்டை மாற்றி வைத்தவர். லோங்ஜியில் வயல்களெல்லாம் மலை உச்சிவரை படிப்படியாக ஏறுகின்றன, அவற்றுக்கு நடுவே கல்லுப் படிகள் ஆயிரக்கணக்கில். அன்று மழை பெய்து கல்லெல்லாம் வழுக்கிற்று. அவர் ஏறியே தீருவேன் என்று நிற்கிறார். நான் என்றால் என்ன செய்திருப்பேன்? பாதை மூடியிருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி எல்லோரையும் திருப்பியிருப்பேன். நீ அவரைத் தனியே கூட்டிப்போய், "இந்த ஏற்றம் இன்றைக்கு உங்களுக்குச் சரிவராது, ஏறலாம் என்று நான் சொன்னால் அது பொய்" என்று நேராகச் சொன்னாய். அவருடைய முகம் வாடியது, எனக்கே பாவமாக இருந்தது. அடுத்த நிமிடம், மற்றப் பக்கத்தால் வண்டிப் பாதை ஒன்று உச்சிக்குக் கிட்டப் போகிறது, அங்கிருந்து சமதரையில் நடை என்று வரைபடத்தை விரித்துக் காட்டினாய். நாங்கள் இரண்டு மணித்தியாலம் படியேறி நாக்கு வெளியே தள்ளப் போய்ச் சேர்ந்தால், மார்கரெட் ஒரு குடைக்குக் கீழே இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு எங்களுக்குக் கைகாட்டுகிறார். அந்த மனுசி அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை, தான்தான் முதலில் ஏறியவர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இனி லியாவ் அக்கா. அவரை நீ கூப்பிடும் சொல்லுக்கு அக்கா என்றுதான் அர்த்தம் என்று சொன்னாய், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன், அவர் எனக்குத் தங்கை வயது என்றாலும். இந்தப் பயணங்களை நடத்துகிறவரும் அவர், நாங்கள் தங்கிய மலை வீடும் அவருடையது, சமையலும் அவர்தான். அந்த வீட்டுக்குப் போன முதல் நாளே அவரிடம் நான் மாட்டிக்கொண்டேன். ஆற்று மீனைத் தக்காளி, மிளகாய், பியர் விட்டுச் சமைத்துக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். நல்ல மீன். ஆனால் எனக்கு அதில் ஏதோ குறைவது போல இருந்தது. தோள்பையிலிருந்த ஜாம் போத்தலை எடுத்து, ஒருவரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, என் தட்டில் இரண்டு கரண்டி தூவிவிட்டேன். நிமிர்ந்தால் லியாவ் அக்கா எனக்குப் பின்னால் நிற்கிறார். தன் சாப்பாட்டுக் குச்சியால் என் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தார், மென்றார், அடுப்படிக்குப் போய்விட்டார். நீ மெதுவாக, "அப்பா, அவ சமைச்சதிலை நீங்க கை வைச்சிட்டியள்" என்றாய். "நான் என்ன நஞ்சே போட்டனான்?" என்று கேட்டேன். "அவவுக்கு அது அப்பிடித்தான்" என்றாய்.

யோசித்துப் பார். யாராவது நம் வீட்டுக்கு வந்து, அம்மா வைத்த மீன் குழம்பில் பையிலிருந்து எதையோ எடுத்துத் தூவினால் அம்மா அவருக்கு அடுத்த நேரம் சோறு போடுவாரா? லியாவ் அக்கா போட்டார். ஆனால் என் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னக் கிண்ணம் வைத்தார், ஊறவைத்த மிளகாய். அடுத்த நேரம் இன்னும் உறைப்பானது. அடுத்த நேரம் அதைவிட. நானும் விட்டுக்கொடுக்கவில்லை, எல்லாவற்றையும் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் மூக்கும் கண்ணும் ஓட, காது அடைக்க, நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். அப்போதுதான் அவர் சிரித்தார். போத்தலை அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் அதை மோந்து பார்த்து, அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய பன்றி இறைச்சியில் ஒரு துண்டு வெட்டி, அதில் நம் கறித்தூளைப் போட்டு வதக்கிக் கொண்டுவந்தார். அது வாயில் வைக்க முடியாததாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், உன் மொழிபெயர்ப்பு இல்லாமலே இருவரும் தட்டைத் தள்ளிவைத்தோம்.

அதன் பிறகு அவருடைய சமையலில் நான் எதையும் சேர்க்கவில்லை, சேர்க்கத் தோன்றவும் இல்லை. பச்சை மூங்கிலுக்குள் அரிசியும் சேப்பங்கிழங்கும் அடைத்து நெருப்பில் சுட்டுப் பிளந்து தந்தாரே, குழற்பிட்டு அவிக்கிற எங்களுக்கு அது ஏன் இவ்வளவு நாளும் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. தேயிலையை இஞ்சி உள்ளியோடு எண்ணெயில் வதக்கி, இடித்து, உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, பொரியும் கச்சானும் தூவித் தருகிற அந்தத் தேத்தண்ணீர் முதல் நாள் கசாயம், இரண்டாம் நாள் பரவாயில்லை, நாலாம் நாள் அது வரும்வரை நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நோர்பரியில் காலையில் அம்மா சீனி போட்டுத் தருகிற தேத்தண்ணீரைக் குடிக்கும்போது ஏதோ குறைகிறது. அதை அம்மாவிடம் சொல்லிவிடாதே. இந்தப் பக்கத்தைப் படம் எடுக்கும்போது அவரே வாசிப்பார், பரவாயில்லை.

கடைசி நாள் காலைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். மற்றவர்கள் மேலே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் லியாவ் அக்கா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார், நீயும் நானும் அந்தச் சின்ன முக்காலிகளில். அவர் ஏதோ சொன்னார். நீ நிலத்தைப் பார்த்தாய். பிறகு எனக்குச் சொன்னாய்: "அப்பா, அவ கேக்கிறா, நான் இஞ்சை நிரந்தரமா வேலைக்கு இருக்கிறது உங்களுக்கு விருப்பமோ எண்டு. தன்ரை மகனும் தூரத்திலைதானாம், வருசத்திலை ஒருக்காத்தான் வாறவராம். அதாலை ஒரு வீட்டின்ரை ஒரே பிள்ளையைத் தாய் தகப்பனைக் கேக்காமல் தான் வைச்சிருக்க மாட்டாவாம். நீங்க ஓம் எண்டாத்தான் ஒப்பந்தம் எழுதுவாவாம். இல்லையெண்டா என்னைத் திருப்பி அனுப்பிடுவாவாம்."

நான் பத்து நாளாகக் காத்திருந்த இடம் அது. பத்து நாளும் பார்த்ததெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிற்று. கோவில் வாசல்தான் ஞாபகத்துக்கு வந்தது. "எனக்கு விருப்பமில்லை எண்டு சொல்" என்றேன். "அவன் படிச்ச படிப்பு வேறை. சனத்துக்குப் பாதை காட்டிக்கொண்டு திரியிறதுக்கு நாங்கள் இவனைப் பெத்து வளர்க்கேல்லை. அனுப்பிவிடச் சொல்." நீ ஒரு கேள்விதான் கேட்டாய்: "அப்பிடியே சொல்லட்டோ அப்பா?" நான், "அப்பிடியே சொல்" என்றேன்.

நீ அப்படியே சொன்னாய். எனக்கு ஒரு சொல் விளங்காது, ஆனாலும் தெரியும். நான் எடுத்த அளவு நேரம் நீயும் எடுத்தாய். பாதை காட்டுவது என்று நான் கையை வீசிய இடத்தில் உன் கையும் வீசியது. லியாவ் அக்காவின் விரல் அவரைக்காயில் நின்றுவிட்டது. அந்த அடுப்படியில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நீ ஒருவன். "அப்பாவுக்குப் பூரண சம்மதம்" என்று நீ சொல்லியிருந்தால் யார் கண்டது? நான் லண்டனுக்கு விமானம் ஏறியிருப்பேன், நீ ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருப்பாய். உன் வாயாலேயே உன் வேலையைக் கெடுத்துக்கொண்டு, எனக்கு இன்னொரு கிண்ணம் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாய். லியாவ் அக்கா அதற்குப் பிறகு நிறையப் பேசினார். நீ எனக்குச் சொன்னது ஒரு வரி: "விளங்குதெண்டு சொல்லுறா." உன் காது இரண்டும் சிவந்திருந்தன. வண்டியில் வரும்போது, "அவ கனக்கச் சொன்னாவே?" என்று கேட்டேன். "அது என்னைப் பற்றின கதை, அதை விடுங்கோ" என்றாய். பத்து நாளில் நீ மொழிபெயர்க்காமல் விட்டது அது ஒன்றுதான்.

விமானத்தில் எனக்குக் கண் மூடவில்லை. உனக்குப் பதினாறு வயதில் நடந்த அந்தப் பெற்றோர் சந்திப்பு வந்து முன்னால் நின்றது. நீ மறந்திருக்கமாட்டாய். உனக்குச் சீன மொழி படிப்பித்த ஆசிரியை எங்களைத் தேடிவந்தார். இப்படி ஒரு காது தனக்குக் கிடைத்ததில்லை என்றார், தயவுசெய்து இதைத் தொடர்ந்து படிக்கவிடுங்கள், எங்கேயோ போவான் என்றார். அம்மாவுக்கு அப்போது இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது, என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன்? "இவனுக்கு நல்ல மூளையாம், சயன்ஸ் படிச்சா எங்கையோ போவானாம்." அம்மா அந்த ஆசிரியையின் இரண்டு கையையும் பிடித்து, தாங்க்யூ, தாங்க்யூ என்றார். ஆசிரியை, வீட்டில் சம்மதித்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போனார். அவர்கள் இருவருக்கும் நடுவில் நீ இருந்தாய். இரண்டு மொழியும் விளங்கிய பிள்ளை. நீ என்னைப் பார்த்தாய். ஒரு சொல் சொல்லியிருந்தால் என் பொய் அங்கேயே கிழிந்திருக்கும். நீ சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாய். அதற்குப் பிறகு இரசாயனம் படித்தாய், மருந்தியல் படித்தாய், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சட்டன் கடையில் நின்றாய், ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் ஜிம் என்று நீ போனது சீன வகுப்புக்கு என்பது வேலையை விட்டபோதுதான் எனக்குத் தெரியும்.

நான் செய்தது எனக்கு நன்மையாகத்தான் பட்டது. அகதியாக ஜேர்மனியில் ஏழு வருடம், அதில் பாதி வேறு யாரோ எனக்காகப் பேசிய பேச்சில் ஓடிப்போனது. என் பிள்ளை ஒருவரிடமும் கைகட்டி நிற்காத ஒரு படிப்பைப் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் நல்லதற்கு என்று நினைத்தால் மாற்றிச் சொல்லலாம் என்று எனக்கு யார் சொன்னது? அதே சோதனை உனக்கும் வந்தது, உன் வாழ்க்கையையே வைத்து வந்தது. நீ மாற்றவில்லை. தம்பி, எனக்கு உன்னைப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது. இதை நான் உன் முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் வராது. எழுதிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போக முன்னர், அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அண்டைக்கு நான் அந்த டீச்சரின்ரை கையைப் பிடிச்சுத் தாங்க்யூ சொன்னனான்" என்றார். "எதுக்குச் சொன்னனான் எண்டதை இவ்வளவு வருசத்துக்குப் பிறகு இப்பதானோ சொல்லுறியள்?" அதற்குப் பிறகு பூசை முடியும்வரை என்னோடு பேசவில்லை. வாசலில் முழங்கால்காரர் வந்து எண்ணெயைக் கேட்டார். "அவன் மருத்துவம் படிக்கேல்லை, நான் சொன்னது பொய். அவன் சனத்தை மலை ஏத்துறான், நல்லா ஏத்துறான்" என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எண்ணெய் இல்லையோ?" என்றார். அம்மா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிப்பு என்று தோள் சொல்லிற்று. வீட்டுக்கு வந்ததும், "போனிலை கத்துவியள், கடிதமா எழுதுங்கோ" என்றார்.

புத்தி சொல்லாமல் முடித்தால் நான் தகப்பன் இல்லை, ஆகவே கொஞ்சம் சொல்கிறேன். மற்றவர்களின் சப்பாத்தைப் பார்க்கிறாய், உன் சப்பாத்தின் அடி தேய்ந்துபோயிருக்கிறது, மாற்று. மழைக் காலத்தில் அந்த ஆற்றோரப் பாதையில் ஆட்களைக் கூட்டிப்போகாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசு, என்னோடு பேச நேரமில்லாவிட்டாலும். உனக்கு ஒரு பிள்ளை வந்து, அது உனக்கு விளங்காத எதையாவது விரும்பினால், பத்து நாள் அதன் பின்னால் நடந்து பார். நான் அறுபத்தேழு வயதில் கற்றுக்கொண்டதை நீ கொஞ்சம் முன்னதாகக் கற்றுக்கொள். டிக்கெட்டை அப்படியே வைத்துக்கொண்டு வேண்டுமானால் ஒரு கிழமை வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போ. திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வா.

இனி உனக்கு ஒரு வேலை இருக்கிறது. கீழே எழுதியிருப்பதை லியாவ் அக்காவிடம் கொண்டுபோய் வாசி. நான் சொன்னபடியே சொல்ல வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

"தங்கச்சி, அண்டைக்கு நான் சொன்னது பிழை. நீங்கள் கேட்டது ஒரு தாயின் கேள்வி, நான் சொன்னது ஒரு வீம்புக்காரனின் பதில். உங்கள் சாப்பாட்டில் தூள் போட்டதற்கும் மன்னியுங்கோ. எனக்கும் இவனுடைய தாய்க்கும் பூரண சம்மதம், இவனை வைத்திருங்கோ. இவன் பொய் சொல்லத் தெரியாதவன். தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் சொன்னதைச் சொன்னபடி சொல்லுகிறவன். எட்டுப் பேரோடு போனால் எட்டுப் பேரையும் கொண்டுவந்து சேர்ப்பான். என்னைவிட நல்ல மனுசன்."

இந்தக் கடைசி வரிகளை உன் வாயால் சொல்ல உனக்குக் கூச்சமாக இருக்கும், காது சிவக்கும், விட்டுவிடலாம் என்று தோன்றும். விடாதே, அப்படியே சொல்.

அப்பா